சட்டையின் உள்பக்கம்

தம்பி,

இதை நீ படிக்கும் நேரத்தில் பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருப்பார்கள். மேடையில் உனக்கும் கயலுக்கும் பக்கத்தில் உன் பெரியப்பா நின்றுகொண்டு, உன்னிடம் நீட்டுகிற கையையெல்லாம் தானே முதலில் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருப்பார். நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். இந்தக் கடிதத்தைக் கடையில் வேலைக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி வைத்திருக்கிறேன். நேரம் பார்த்து நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடப் போகிறேன். உனக்கு மட்டும் தனியாக அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் ஒரு கும்பிடு பொம்மையைப் போட்டு, "அப்புறம் பேசலாம்மா" என்று நீ அடுத்த வேலையைப் பார்ப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? அதனால் பங்காளிகள், மாமன் மச்சான், பெரியப்பா, பெரியம்மா எல்லோரும் படிக்கட்டும். கோபத்தில் எழுதுகிறேனா என்று யாராவது கேட்டால், ஆமாம், கோபத்தில்தான் எழுதுகிறேன். என்னைச் சமாதானப்படுத்த யாரும் மோர் டம்ளரோடு வர வேண்டாம்.

விஷயம் இதுதான். நாளைக் காலை முகூர்த்தம். அதற்கு முன்னால் பாத பூஜை. அப்பா இல்லாத பிள்ளை என்பதால் நாற்காலியில் பெரியப்பாவும் பெரியம்மாவும் உட்கார்வார்கள். நீ அவர்கள் காலைத் தட்டில் வைத்துக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, விழுந்து கும்பிடுவாய். பெற்றவள் நான் மேடைக்குக் கீழே, காற்று நன்றாக வருகிற இடத்தில் உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டும். இது நீ செய்த ஏற்பாடு. "காத்து நல்லா வரும்மா அங்க" என்று நீதான் சொன்னாய். என்ன அக்கறை, அடேயப்பா.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று இந்தக் குழுவில் இருப்பவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். பாதிப் பேர் நான் ஜெராக்ஸ் எடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பாய் வைத்திருக்கும் ஸ்டுடியோவில் நான் தலை வெட்டுகிறேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கருமாதி, எதுவாக இருந்தாலும் பேனர் வேண்டும். பேனரில் சொந்தபந்தம் அத்தனை பேர் முகமும் வேண்டும். கொண்டுவருகிற போட்டோவில் ஒருத்தர் வாழை இலை முன்னால் வாயில் சோற்றோடு இருப்பார், இன்னொருத்தர் ஆதார் அட்டையில் திருடன் மாதிரி முழிப்பார். அந்தத் தலைகளை எல்லாம் முடி சேதமாகாமல் வெட்டி எடுத்து, கோட்டு மாட்டி, பட்டுச் சட்டை மாட்டி, வரிசையாக நிறுத்துவேன். ஜென்மத்தில் கோட்டுப் போடாத நம் ஊர்க் கிழவர்கள் எத்தனையோ பேரைக் கோட்டுப் போட வைத்தவள் நான்தான்.

தம்பி, அந்த விளையாட்டு உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ஊரடங்கில் உன் கல்லூரி மூடிக் கிடந்தது. உங்கப்பா போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு லோடு ஏற்றிக்கொண்டு சின்னசேலம் ஜவ்வரிசி மில்லுக்குப் போனவர், மில் வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. வீட்டில் நீயும் நானும் பேசுவதற்கு ஒன்றுமில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் நீ உன் லேப்டாப்பில் அதைப் பிடித்துக்கொண்டாய். மனுஷர்களைச் செய்து, வீடு கட்டிக் குடிவைத்து, அவர்கள் சமைப்பது, தூங்குவது, வேலைக்குப் போவது, சண்டை போடுவது எல்லாவற்றையும் நாம் மேலே இருந்து ஆட்டிவைக்கிற விளையாட்டு. வேலைவெட்டி இல்லாத விளையாட்டு என்று உன்னைத் திட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீயே கூப்பிட்டாய்.

"ம்மா, இங்க வாயேன். சட்டைல நம்ம படத்தப் போடலாமாம். நான் போட்டா மட்டும் சுத்தி வெள்ளையா ஒரு கட்டம் வருது. இன்னா பண்றது?"

வந்து பார்த்தேன். உன் ஆள் ஒருத்தன் கறுப்புச் சட்டையில் நெஞ்சில் ஒரு வெள்ளைச் சதுரத்தோடு, லேபிள் ஒட்டிய மருந்து பாட்டில் மாதிரி நின்றுகொண்டிருந்தான். பின்னணியை வெட்டாமல் படத்தை அப்படியே வைத்திருந்தாய். அதை நான் வெட்டிக் கொடுத்தேன். அந்தச் சட்டையை விளையாட்டு எப்படிப் பார்க்கிறது என்று நீ எனக்குக் காட்டினாய். தைக்காத துணியை விரித்துப் போட்டது மாதிரி ஒரு தாள். அதில் முன்பக்கம் ஓரிடம், முதுகு ஓரிடம், கைகள் ஓரிடம். நாம் அந்தத் தாளில் படத்தை வைத்தால், விளையாட்டு அதைச் சட்டையாகச் சுற்றி மனுஷனுக்கு மாட்டிவிடும். கேட்க லேசாகத்தான் இருந்தது. நான் என் பேனர் புத்தியைக் காட்டினேன். தாள் முழுக்க இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு 'வருக வருக' என்று பெரிதாக எழுதி மாட்டினேன். முதல் வருக நெஞ்சில் உட்கார்ந்தது. இரண்டாவது வருக அவன் அக்குளுக்குள் போய்விட்டது. அவன் கையைத் தூக்கும்போதெல்லாம் அக்குள் நம்மை வரவேற்றது. நீ தரையில் உருண்டு சிரித்தாய். உங்கப்பா போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான். அதற்காகவே அந்த விளையாட்டு எனக்குப் பிடித்துப்போனது.

அப்புறம் உங்கப்பாவைச் செய்தோம். மூக்கு நீ, மீசை நான். அந்த விளையாட்டில் கைலி கிடையாது. உங்கப்பாவின் நீலக் கட்டம் போட்ட கைலியைப் பீரோவிலிருந்து எடுத்து, கொடியில் காயப்போட்டு, வெயிலில் போட்டோ எடுத்தாய். நான் அந்தக் கட்டங்களை நேராக்கி ஒரு நீளப் பாவாடைமேல் சுற்றினேன். கட்டம் இடுப்பில் ஒட்டாமல் ஒட்டாமல், ஒரு வழியாக ஒட்டியது. தன்னுடைய சொந்தக் கைலியோடு அவர் நடந்து போய் அடுப்பில் தோசை ஊற்றினார். நிஜத்தில் ஒரு நாள் ஊற்றியதில்லை. நீ என் தோளில் சாய்ந்துகொண்டாய், நான் உன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தேன். எனக்கும் ஒரு ஆளைச் செய்தாய். சிவப்புப் புடவை மாதிரி ஒன்றை நான் வரைந்து மாட்டினேன், நெற்றியில் பெரிய பொட்டு வைத்தேன். வயசாகிற வசதியை அணைத்து வை என்று உன்னிடம் சொன்னேன். அணைத்து வைத்தாய். இன்றைக்கும் அங்கே அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

இப்போது பெரியப்பா கதைக்கு வருகிறேன். மாமா, நீங்களும் படித்துக்கொண்டுதான் இருப்பீர்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

ஊரடங்கு முடிந்து உன் அக்காவுக்கு, பெரியப்பா மகளுக்கு, கல்யாணம் வைத்தார்கள். பேனர் வேலை நம் கடைக்குத்தான் வந்தது. நானேதான் செய்தேன். மேல் வரிசையில் உங்கப்பா படத்தை விளக்கோடு வைத்தேன். சித்தப்பா, சித்தி வரிசையில் என் படத்தை வைத்தேன். என்ன போட்டோ என்று உனக்குத் தெரியும். மலைமேல் கரியாலூருக்கு நாம் மூன்று பேரும் போனபோது, படகுத்துறை பக்கத்தில் காற்று முடியைக் கலைக்க, நான் சிரித்துக்கொண்டிருக்கும்போது உங்கப்பா தன் போனில் எடுத்தது. பறக்கிற முடியை ஒவ்வொரு இழையாக வெட்டி எடுத்தேன். வேறு யாருக்கும் அப்படி மெனக்கெட்டதில்லை. பெரியப்பா பார்க்க வந்தார். என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, வெற்றிலையை மென்றுகொண்டே ஸ்கிரீனைப் பார்த்தார். பிறகு விரலை என் தோளுக்கு மேலாக நீட்டி, ஸ்கிரீனில் என் முகத்தின் மேல் வைத்தார்.

"எல்லாம் ஜோரா இருக்குதும்மா. அத மட்டும் எடுத்துடு."

"எத மாமா?"

"அதாம்மா. நல்ல காரியம் பாரு. நாலு பேரு இன்னா சொல்லுவாங்க? அத எடுத்துட்டு அந்த எடத்துல ஒரு ரோஜாப்பூ வச்சுடு."

நான் அவர் கைக்குக் கீழேயே உட்கார்ந்திருக்கிறேன். 'உன் படத்த' என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. 'அத' என்றார். சுவரில் ஒட்டிய ஈயைக் காட்டுகிற மாதிரி. தாலி அறுத்தவள் முகம் நல்ல காரியத்தில் தெரியக் கூடாதாம், அவள் கை மட்டும் பேனர் செய்யலாமாம். என் படத்தை நானே தொட்டேன், நானே அழித்தேன். அந்த இடத்தில் கடை கம்ப்யூட்டரில் எப்போதும் கிடக்கிற சிவப்பு ரோஜாவைக் கொண்டுவந்து வைத்தேன். வெளியே போகும்போது அவர், "நீ கோச்சுக்காத மாதிரிதான் சொன்னேன்" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

மண்டப வாசலில் அந்த பேனர் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. உன் கூட்டாளி ஒருத்தன், "உங்கம்மா படம் எங்கடா காணோம்?" என்று கேட்டான். நீ அண்ணாந்து பார்த்து, "அதோ, அந்த ரோஜாப்பூ" என்றாய். நான் உனக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். சாப்பிடாமல் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாய். செருப்பைக்கூடக் கழற்றாமல் லேப்டாப்பைத் திறந்தாய்.

"ம்மா, உக்காரு. பெரியப்பாவ பண்ணலாம்."

செய்தோமே தம்பி! தொப்பையை இழுக்க இழுக்க இழுத்தோம், அதற்கு மேல் இழுக்க விளையாட்டில் இடமில்லை. அந்தக் கிடா மீசையை நீ வைத்தாய். சட்டை என் பொறுப்பு. கட்டுகிற வீட்டுக்கு முன்னால் தொங்கவிடுவார்களே, நாக்கைத் தொங்கப்போட்டு முழி பிதுங்கிக்கொண்டு ஒரு திருஷ்டி பூசணிக்காய், அதை முதுகு நிறைய வைத்தேன். நெஞ்சில் ஒரு பாகற்காய் மாலை. அதோடு அவரை வேலைக்கு அனுப்பினோம், கோவிலுக்கு அனுப்பினோம், அடுத்த வீட்டுக்காரிகளோடு பேச அனுப்பினோம். அந்த ஜனங்கள் புரியாத பாஷையில் என்னவோ உளறுவார்கள். நீ அவர்களுக்குக் குரல் கொடுப்பாய்: "இன்னா மாமா, சட்ட சோக்கா கீது, மாமி எடுத்துக் குடுத்ததா?" நான் அவர் வீட்டு அடுப்பங்கரையை அப்படியே தூக்கிவிட்டேன். பசியில் அவர் நம்மைப் பார்த்துக் கையை ஆட்டிக் கத்தினார்.

"பாவம்மா, செத்துடுவாரு" என்றாய்.

"சாவ வுடாத. சாவற மாதிரி இருக்கச்ச ஒரு பழம் குடு. மறுபடி ஆரம்பிக்கலாம்."

பழி வாங்குவது பாவம் என்று எல்லா அம்மாக்களும் பிள்ளைக்குச் சொல்லி வளர்ப்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது உன் கல்யாணத்துக்குப் புத்திமதியாக அதைத் திருத்திச் சொல்கிறேன். பழி வாங்கு. அடிக்காமல், கையை நீட்டாமல், சோற்றில் மண் போடாமல் வாங்கு. அவமானப்பட்டதை விழுங்கிவிட்டுச் சிரித்துக்கொண்டே பரிமாறுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் கடைசியில் தங்களைவிட எளியவர்கள்மேல்தான் அதைக் கொட்டுவார்கள். நாளைக்கு உனக்கு ஒரு கோபம் வந்தால் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கயல்மேல் இறக்காதே. யார் கொடுத்தார்களோ அவர்களிடமே திருப்பிக் கொடு.

அந்தச் சட்டை விஷயத்தில் நடந்த ஒரு தப்பை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. ஒரு நாள் நீ சொன்னாய், "ம்மா, பேனர்லருந்து உன்ன எடுத்தாரு இல்ல, அவரு சட்டையிலயே உன்னப் போட்டுடலாம்." கரியாலூர் போட்டோவையே அந்தத் தாளில் வைத்தாய். எதையோ தலைகீழாகத் திருப்பிவிட்டாய் போலிருக்கிறது. சட்டை வெறுமையாக வந்தது. முன்னால் பார்த்தோம், பின்னால் பார்த்தோம், என்னைக் காணோம். நீ கிட்டே போய்ப் பார்க்கலாம் என்று திரையைப் பெரிதாக்கிக்கொண்டே போனாய். பெரியப்பாவின் உடம்பைத் துளைத்துக்கொண்டு சட்டைக்குள்ளேயே போய்விட்டோம். உள்ளே நெஞ்சுப் பக்கம் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"ம்மா! உள்பக்கமா ஒட்டிக்கினு இருக்கற!"

"மாத்தாத. அப்டியே இருக்கட்டும்" என்றேன். வெளியே யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது. ஆனால் போகிற இடமெல்லாம் என்னைச் சுமந்துகொண்டு போவார். புருஷனின் அண்ணன், மூத்தார், அவர் எதிரில் நிற்கக் கூடாது, அவர் வருகிற வழியில் குறுக்கே போகக் கூடாது என்று கல்யாணமான நாளிலிருந்து என்னை ஓரமாக ஒதுங்கி ஒதுங்கிப் பழக்கியவர்கள் நீங்கள். அந்த மூத்தார் நெஞ்சுக்கு நேராக நான் பல்லைக் காட்டிக்கொண்டு இருந்தேன். எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா?

நீ ஓசூருக்கு வேலைக்குப் போனபோது புது லேப்டாப் வாங்கிக்கொண்டாய், பழையதை எனக்கு விட்டுப் போனாய். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நான் இன்னும் அவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நீ மறந்துவிட்டாய். அதில் தப்பில்லை, வேலைக்குப் போகிற பிள்ளை. ஆனால் ரோஜாப்பூவையும் சேர்த்து மறந்துவிடுவாய் என்று நான் நினைக்கவில்லை.

உன் கல்யாணப் பேனரை நான்தானே செய்தேன். நீயும் கயலும் கரியாலூரில் போட்டோ எடுத்து அனுப்பினீர்கள். அதே படகுத்துறை, அதே மாதிரி காற்று, அந்தப் பெண்ணின் முடியும் அதே மாதிரி பறக்கிறது. ஒவ்வொரு இழையாக வெட்டினேன். மேலே உங்கப்பா, அவருக்குப் பக்கத்தில் நான், அதே போட்டோ. இந்தத் தடவை எவனும் பின்னால் நின்று விரல் நீட்ட முடியாது, என் பிள்ளை கல்யாணம் என்று நினைத்துக்கொண்டே உனக்கு அனுப்பினேன். நீ போன் செய்தாய். முதலில் பேனர் நன்றாக இருக்கிறது என்றாய். பிறகு தொண்டையைக் கனைத்தாய்.

"ம்மா, பெரியப்பா போன் பண்ணாரு. பொண்ணு வூட்ல சாஸ்திரம் ஜாஸ்தி பாக்கறாங்களாம். பாத பூஜைக்கு அவங்க ரெண்டு பேரும் உக்காரட்டும்மா. நீ கீழ மொத வரிசைல உக்காந்துக்கோ, காத்து நல்லா வரும்மா அங்க. அப்பறம்... பேனர்ல..."

"பேனர்ல இன்னா?"

"அத எடுத்துடும்மா."

உனக்கு நீ என்ன சொன்னாய் என்றே தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. பெரியப்பா சொன்ன அதே வார்த்தை, அதே இழுப்பு. செருப்போடு ஓடிவந்து லேப்டாப்பைத் திறந்த பிள்ளை வாயிலிருந்து வந்தது. நான் 'எத' என்று கேட்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். பாய் டீ வாங்கிக்கொண்டு வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு டீயை ஓசைப்படாமல் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

இதைக் கேள். அதற்கு அடுத்த வாரம் கயலின் அம்மா எனக்கு போன் செய்தார். "சம்மந்தி, பாத பூஜைக்கு நீங்க இன்னா கலர் பொடவ கட்றீங்க? எங்க வூட்டுக்காரரு அந்தக் கலருக்கு ஏத்த மாதிரி நாற்காலிக்குத் துணி போடணும்ன்றாரு." என்ன சொல்வது நான்? "நான் கீழ உக்காந்துக்கினு இருப்பேங்க" என்றேன். அந்த அம்மா, "அப்டீங்களா, உங்க சைடுல அப்டித்தான் பழக்கம்னா நாங்க இன்னா சொல்றதுங்க" என்றார். புரிகிறதா தம்பி? சாஸ்திரம் பார்த்தது பெண் வீடு கிடையாது. அவர்கள் வாயில் அந்தப் பேச்சே வரவில்லை. பெரியப்பா தன் வாய்க்கு அவர்கள் பெயரை மாட்டியிருக்கிறார், நான் கிழவருக்குக் கோட்டு மாட்டுகிற மாதிரி. நீ ஒரு போன் செய்து கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது உனக்கு வசதியாக இருந்தது. கல்யாணமாகப் போகிறவனுக்கு நான் சொல்லும் இரண்டாவது புத்திமதி இது: உன் வீட்டுப் பெண்ணைப் பற்றி யாராவது யாரோ சொன்னதாகச் சொன்னால், அந்த யாரோவுக்கு உடனே போன் போடு.

இப்போது சட்டைக்கு வருகிறேன். இன்றைக்கு வரவேற்புக்கு நம் வீட்டு ஆம்பிளைகள் அத்தனை பேரும் ஒரே மாதிரி மெரூன் சட்டை போட்டு நிற்கிறீர்களே, அது பெரியப்பா ஏற்பாடு. கட்டாக வாங்கி வந்து, பாக்கெட்டுக்கு மேலே உன் பெயரும் கயல் பெயரும் இதயத்துக்குள் வருகிற மாதிரி அடித்துக் கொடு என்று கடையில் போட்டுவிட்டுப் போனார். என்னிடம்தான். படத்தைத் தாளில் அச்சடித்து, துணிமேல் வைத்துச் சூட்டில் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு சட்டையாக அழுத்தினேன். கேட்டபடி இதயம் போட்டேன். பிறகு ஒவ்வொன்றையும் உள்வெளியாகத் திருப்பினேன். பாக்கெட்டுக்கு நேர் பின்னால், துணி இரண்டு மடிப்பாக இருக்கிற இடத்தில், வெளியே தெரியவே தெரியாத இடத்தில் இன்னொன்றும் அழுத்தினேன். பாய் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, உள்ள ஒட்டிக்கினு இருக்க? வெளியதான கேட்டாங்க?"

"வெளியவும் இருக்குது பாய்."

கையில் இருந்த சட்டையை வாங்கி, உள்ளே இருந்த முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். அந்த ரோஜாப்பூ பேனர் அடித்த மெஷின் அவருடையதுதான். சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "உள்ள ஒட்டும்போது சூடு கம்மி பண்ணும்மா, தையல் சுருங்கிடும்" என்றார்.

ஆகவே பங்காளிகளே, மாமன் மச்சான்களே, நீங்கள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டுச் சட்டையின் மேல் பட்டன் இரண்டைக் கழற்றி உள்ளே பாருங்கள். மாமா, நீங்கள் சாயங்காலத்திலிருந்து இடது பக்கம் நெஞ்சைச் சொறிந்துகொண்டே இருப்பீர்கள். வியர்த்தால் அது ஒட்டும், உறுத்தும். அது கொசு கிடையாது, நான்தான். கரியாலூர்க் காற்றில் முடி பறக்க, நெற்றியில் பொட்டோடு. வாசல் பேனரில் ஒரு முகமாக இருந்திருப்பேன், போகிற போக்கில் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். இப்போது உங்கள் அத்தனை பேர் நெஞ்சிலும் இருக்கிறேன். நல்ல காரியத்தில் மேடை நிறைய நான்தான் நிற்கிறேன். தோய்த்தாலும் போகாது. கழற்றி எறியலாம் என்றால், மண்டபத்தில் வெறும் பனியனோடுதான் நிற்க வேண்டும்.

சந்தோஷமாக இருக்கிறேனா என்றால், ரொம்ப. இந்தக் கடிதத்தைத் தட்டும்போதே சிரித்தேன். ஆனால் முழுச் சந்தோஷம் இல்லை தம்பி, அதற்குக் காரணம் நீ.

உன் கோட்டும் அன்றைக்குக் கடையில்தான் இருந்தது, இஸ்திரி போட நானே எடுத்து வந்திருந்தேன். உள் லைனிங்கைத் திருப்பி வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். எல்லோருக்கும் அச்சடித்ததில் என் முகம் ஒன்று மிச்சம் இருந்தது. அதைக் கையில் எடுத்தேன். வைத்துப் பார்த்தேன், பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் என் முகத்தைப் பற்றி இந்தத் தடவை மற்றவர்கள் யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, அதனால் அவர்களுக்குத் திருட்டுத்தனமாகக் கொடுத்தேன். நீ கேட்டாய். வாயைத் திறந்து ஒன்று கேட்டாய். பெற்ற பிள்ளை கேட்டதைச் செய்யாமல் இருப்பேனா?

நாளைக் காலை நாற்காலி இரண்டும் மேடையில் இருக்கும். ஒன்றில் உங்கப்பா படத்தை வைக்கலாம். கயலின் அம்மாவிடம் என் புடவை பச்சை என்று இன்று காலையில் சொல்லிவிட்டேன், துணி அந்தக் கலரில்தான் போடப்போகிறார்கள். நீ முதல் வரிசைக்கு இறங்கி வந்து கையைப் பிடித்துக் கூப்பிட்டால் எழுந்து வருவேன். தூது அனுப்பினால் வர மாட்டேன். வராவிட்டால் நான் அழுவேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். வீட்டுக்குப் போய் அந்த விளையாட்டைத் திறப்பேன். அங்கே உனக்கு ஒரு கல்யாணம் செய்து வைப்பேன், கைலி கட்டிய உங்கப்பாவும் சிவப்புப் புடவை கட்டிய நானும் உட்கார்ந்து.

இப்போது உன் கோட்டின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார். நெஞ்சுக்கு நேராக. தேடாதே, என் முகம் அங்கே இல்லை. 'அத எடுத்துடும்மா' என்றாய், எடுத்துவிட்டேன்.

அந்த இடத்தில் ஒரு ரோஜாப்பூ வைத்திருக்கிறேன்.

முதல் வரிசையிலிருந்து,
உன் அம்மா